எண்ணாமல் தூக்கும் நாலு பேர்

லெவல் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் லெவல். அவர் மனைவிகூட கடைக்குப் போன் செய்தால், லெவல் கிளம்பியாச்சா என்றுதான் கேட்பார். சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம், ஸ்பிரிட் லெவல் என்பார்களே அது, எப்போதும் இருக்கும். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் அதை எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் கட்டியவனைத் திட்டுவார். எங்கள் வீட்டுக் குளியலறையில் கண்ணாடி மாட்ட வந்தவர், கேட்காமலேயே கடிகாரத்தை நிமிர்த்தினார், காலண்டரை நிமிர்த்தினார், போகிற போக்கில் என் வீட்டுக்காரரிடம் மீசை இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் என் வீட்டுக்காரருக்கு எரிச்சல்.

அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் நான் பில் போடுகிறவள். என் மேசைக்கு வலது பக்கம் முதலாளியின் அறை, இடது பக்கம் வண்டியில் சரக்கு ஏற்றும் கொட்டகை. இரண்டு பக்கத்துச் சண்டையும் என் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் லெவல் அண்ணன் விஷயத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் அவரே ஒருநாள் வந்து என் மேசையில் கொட்டிவிட்டார்.

அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா வேலை தேடிப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. சித்தப்பா வீட்டில் கொஞ்ச நாள், மாமா வீட்டில் கொஞ்ச நாள், பெரியம்மா வீட்டில் கொஞ்ச நாள் என்று பந்து மாதிரி உருட்டப்பட்டு வளர்ந்தார். எங்கேயும் யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குள் ஒரு கண்ஜாடை ஓடும், ஒரு சிரிப்பு ஓடும், எதற்கென்று இவருக்குத் தெரியாது. கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். இதை அவர் என்னிடம் சொன்னபோது, இவ்வளவு தெரிந்த மனுஷனா அப்படிச் செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவருடைய கூட்டம் ஒரே நாளில் உருவானது அல்ல. கடை பெரிதாகி, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகளைக் கட்டடங்களில் பொருத்தும் வேலை வர ஆரம்பித்தபோது, முதலாளி நான்கு பேரைப் பிடித்து ஒரு வண்டியில் ஏற்றிவிட்டார். ஒருவர் லெவல் அண்ணன். இரண்டாவது நெட்டை, பெயருக்கு ஏற்ற உயரம். மூன்றாவது லெவல் அண்ணனின் மனைவிக்குத் தம்பி. இவர் மச்சான் என்று கூப்பிடப்போய் ஊருக்கே மச்சான் ஆகிவிட்டவன். நான்காவது டிரைவர். நான்கு பேருக்கும் மற்ற மூன்று பேரையும் பிடிக்கவில்லை.

டிரைவர், நான் வண்டி ஓட்டத்தான் வந்தேன், கண்ணாடி தூக்க வரவில்லை என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெட்டை தூக்கினால் அவன் பக்கம் மட்டும் ஒரு சாண் உயரும், மச்சான் பக்கம் முழு எடையும் இறங்கும், மச்சான் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை நான் இங்கே எழுத முடியாது. மச்சானை லெவல் அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை, சொந்தக்காரன் இல்லையா என்று நெட்டை குத்திக்காட்டுவான். முதல் மாதமே ஒரு கடை முகப்புக் கண்ணாடி உடைந்தது. நான்கு பேரும் முதலாளி முன்னால் நின்று நான்கு திசையில் கையைக் காட்டினார்கள். முதலாளி போட்ட சத்தத்தில் கொட்டகையில் அடுக்கியிருந்த மீதிக் கண்ணாடிகளும் உடைந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

அன்றைக்குப் பிறகுதான் லெவல் அண்ணன் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, தூக்கு. ஒண்ணு, ரெண்டு, நட. நில்லு. இறக்கு. தெரு முனையில் இருக்கிறவனுக்கும் கேட்கும் குரல். ஏதோ பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மாதிரி இருக்கிறது என்று நெட்டை முனகினான், ஆனால் எண்ணுக்குத் தூக்கினான். டிரைவர் எப்போது இறங்கி வந்து கை கொடுக்க ஆரம்பித்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் ஒல்லி என்பதால் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டிய இடம் அவருடையதானது. உயரத்துக்கு ஏற்ப யார் எங்கே நிற்பது என்று சண்டை போட்டுப் போட்டே ஓர் ஒழுங்கு வந்தது. சண்டை குறைந்தது, கேலி கூடியது. மச்சானுக்குப் பெண் பார்க்கப் போனபோது நான்கு பேரும் சேர்ந்துதான் போனார்கள், வண்டியின் பின்னால் கண்ணாடி வைக்கும் சாய்வுச் சட்டத்தோடு.

ஆண்டுகள் போகப் போக எண்ணிக்கை தேய்ந்தது. முதலில் தூக்கு என்பது போனது. பிறகு ரெண்டு போனது. கடைசியில் லெவல் அண்ணன் மூக்கால் ஒரு மூச்சு விடுவார், நான்கு பேரும் தூக்குவார்கள். நிற்க வேண்டுமென்றால் கண்ணாடியில் நடுவிரலால் ஒரு தட்டு. இறக்க வேண்டுமென்றால் இரண்டு தட்டு. அந்தத் தட்டு காதுக்குக்கூடக் கேட்காது, கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். முதலாளி விருந்தாளிகளைக் கொட்டகைக்குக் கூட்டி வந்து, எங்க ஆளுங்க எண்ணாமத் தூக்குறவங்க என்று பெருமையடிப்பார். லெவல் அண்ணன் காதில் விழாததுபோல் கையுறையைத் தட்டிக்கொண்டிருப்பார். உச்சி குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? யார் வீட்டிலும் ஒட்டாத ஆளுக்கு, மற்றவருக்குப் புரியாத ஒரு ஜாடை கடைசியில் சொந்தமாகக் கிடைத்திருந்தது.

பிறகு டிரைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் இனி ஒரு தலையணையைக்கூடத் தூக்கக் கூடாது என்றுவிட்டார். ஸ்டியரிங் மச்சான் கைக்குப் போனது, கண்ணாடி தூக்க அவர் இடத்துக்கு வந்தவன்தான் பிஸ்கட்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவன், அதனால் அந்தப் பெயர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாற்பது வயதில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வேலைக்கு அலைந்திருக்கிறான். போன இடத்தில் எல்லாம் வயசு ஆயிடுச்சே என்றார்கள். எங்கள் முதலாளி அவனுடைய ஒல்லி உடம்பைப் பார்த்து, டிரைவர் நின்ற இடத்துக்கு அளவாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். அவனும் அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டான். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து கொட்டகையைக் கூட்டிவைப்பான். நகைச்சுவை சொல்லுவான், சிரிப்பு வராது, அவனே சிரித்துக்கொள்வான்.

முதல் நாள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். லெவல் அண்ணன் மூச்சு விட்டார், மூவர் தூக்கினார்கள், இவன் குனிந்தபடியே இருந்தான். மச்சான் சிரித்த சிரிப்பு எனக்கு உள்ளே கேட்டது. எப்போது தூக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று அவன் கேட்டான். அது தானா வரும் என்றான் நெட்டை. லெவல் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம், மூச்சு, ஒரு தட்டு, இரண்டு தட்டு, முடிந்தது. சொல்லவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

நான் ஒருநாள் கேட்டேன், அவன் பழகுகிறவரைக்கும் கொஞ்சம் எண்ணினால் என்ன குறைந்துவிடும் என்று. பழகிடுவான் தங்கச்சி என்றார். எனக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நானும் சிரித்தேன். பிறகு அவரே சொன்ன விஷயம், அது சோம்பேறித்தனம் இல்லை. மறுபடி எண்ண ஆரம்பித்தால் பழைய இடத்துக்கே போய்விட்ட மாதிரி இருந்ததாம். அதைவிட, புதிதாக வந்தவனுக்கு ஒரு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றால் இத்தனை வருஷம் தாங்கள் பொத்திப் பாதுகாத்தது அவ்வளவுதானா என்று ஒரு வீம்பு. அந்த வீம்பை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றார்.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். ஒரு கணம் பிந்தித் தூக்குவான், ஒரு கணம் பிந்தி நிற்பான், ஆனாலும் பெரிய பிசகு வரவில்லை. பாத்தீங்களா, தானா வந்திருச்சு என்றான் நெட்டை. மதியம் மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவன் தன் டப்பாவோடு என் மேசைக்கு எதிரில் ஸ்டூல் போட்டுக்கொள்வான். யாரும் போகச் சொன்னதில்லை. வண்டிக்குள் மூன்று சீட் என்பதால் அவனே முடிவு செய்துகொண்டான். டிரைவர் இருந்த நாளில் அதே மூன்று சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் நடனப் பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டு வேலை வந்தது. சுவர் முழுக்கப் பதிக்க வேண்டிய பெரிய துண்டுகள், மூன்றாவது மாடி, லிஃப்டில் நுழையாது, படிவழியாகத்தான் ஏற்ற வேண்டும். பிஸ்கட் வந்த பிறகு இவர்கள் தூக்கியதெல்லாம் சன்னலுக்கும் கடை முகப்புக்குமான கண்ணாடிதான். இந்த மாதிரிப் பெரிய முகக்கண்ணாடி அதுதான் முதல் தடவை.

காலையில் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் கொட்டகை வாசலில் கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான். பிறகு லெவல் அண்ணன் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டான்.

"அண்ணே, இன்னைக்கு ஒருநாள் மட்டும் எண்ணிட்டுத் தூக்கலாமாண்ணே?"

"ஏன், நீ ஸ்கூலுக்குப் போகலையா? எண்ணத் தெரியாதா உனக்கு?"

மச்சான் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான். நெட்டை, ஒண்ணு சொல்லு பிஸ்கட், அடுத்தது என்ன வரும் என்று சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டான். பிஸ்கட்டும் சேர்ந்து சிரித்தான். ஏன் கேட்டான் என்று யாரும் கேட்கவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

முதல் துண்டு பத்திரமாக ஏறியது என்றார்கள். இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பம் வரை போயிருக்கிறார்கள். படி குறுகல். கைப்பிடிப் பக்கம் மூன்று பேர், சுவர்ப் பக்கம் பிஸ்கட் ஒருவன். கண்ணாடியின் முகம் அவன் பக்கம். மேல் திருப்பத்தில் ஒரு வீட்டுக் கதவு திடீரென்று வெளிப்பக்கமாகத் திறந்தது. லெவல் அண்ணன் ஒரு தட்டுத் தட்டினார். மூன்று பேரும் நின்றார்கள். பிஸ்கட் இன்னும் ஒரு படி ஏறினான்.

மூன்று பக்கம் நிற்க, ஒரு மூலை மட்டும் மேலே போனால் கண்ணாடி என்ன செய்யும்? முறுக்கிக்கொண்டு குறுக்கே வெடித்தது. கீழ்த்துண்டு சரிந்தபோது அவன் பிடியை விடவில்லை. படியில் கீழே யாராவது வந்தால் என்ன ஆவது என்று பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். கையுறை முடிகிற இடத்தில், மணிக்கட்டில், ஆழமாக வெட்டிவிட்டது. கட்டைவிரலை மடக்குகிற நரம்பு அறுந்துபோனது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் லெவல் அண்ணன் தன் சட்டையைக் கழற்றி அவன் கையைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவனோ மன்னிச்சிருங்கண்ணே, மன்னிச்சிருங்கண்ணே என்று சொல்லிக்கொண்டே வந்தானாம்.

மதியம் மூவரும் கடைக்கு வந்தபோது, எப்போதும் சத்தம் போடும் முதலாளி சத்தம் போடவில்லை. கதவைச் சாத்தாமலேயே, என்ன நடந்தது என்று கேட்டார்.

"கையை விட்டுட்டான் முதலாளி" என்றான் நெட்டை.

"ஆமா, விட்டுட்டான்" என்றான் மச்சான்.

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதை நான் அடித்துச் சொல்வேன், வழியில் அவர்கள் தனியாக இருக்க நேரமே இல்லை. இத்தனை வருஷம் கண்ணாடியைத் தூக்கிய மாதிரியே பொய்யையும் எண்ணாமல் தூக்கினார்கள். லெவல் அண்ணன் தலைக்கு வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் நினைப்பு. முதலாளி லெவல் அண்ணனைப் பார்த்தார். பனியனோடு நின்ற லெவல் அண்ணன் தரை ஓடுகளைப் பார்த்தார்.

"தையல் போட்டிருக்காங்க முதலாளி. ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னாங்க."

கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் வேறு. ஆனால் முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. கை சரியாகும் வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவைக் கடை பார்த்துக்கொள்ளும், அதற்குப் பிறகு அவன் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கண்ணாடி வேலையில் கையை விடுகிற ஆளை வைத்துக்கொள்ள முடியாது. அவர் சொன்னதில் அநியாயம் இல்லை. இந்தத் தொழிலில் மெதுவாக வேலை செய்கிறவனுக்கும் இடம் உண்டு, குடித்துவிட்டு வருகிறவனுக்குக்கூட ஏதாவது ஒரு மூலையில் இடம் உண்டு. பாரத்தைப் பாதியில் விட்டவனுக்கு எந்தக் கடையிலும் இடமில்லை. முதலாளிகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டாலும் இந்த ஒரு செய்தியை மட்டும் மறக்காமல் பரிமாறிக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையில் பிஸ்கட்டுடைய வேலையும் போகும், அடுத்த வேலையும் போகும் என்பது அந்த அறையில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு லெவல் அண்ணன் லெவல் அண்ணனாக இல்லை. என் தலைக்கு மேல் முதலாளியின் அப்பா படம் பட்டவர்த்தனமாகச் சாய்ந்து தொங்கியது, பார்த்துக்கொண்டே போனார். டீயை வாங்கி ஆறவைத்துக் கொட்டினார். கொட்டகையில் நெட்டையும் மச்சானும் ஒன்றும் நடக்காததுபோல் பேச்சுக் கொடுத்தால் ம் என்பார். ஒரு சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என் எதிரில், பிஸ்கட் உட்காரும் அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். சித்தப்பா வீடு, மாமா வீடு, பெரியம்மா வீடு. வீம்பு. அன்று காலையில் அவன் கேட்டது.

"ஒரு மனுஷன் வாயைத் திறந்து கேட்டான் தங்கச்சி. நான் நக்கல் பண்ணினேன். எனக்கு யார் யார் அப்படிப் பண்ணினாங்களோ, அதே மாதிரி."

அப்படியென்றால் உள்ளே போய்ச் சொல்லுங்கள், இங்கே உட்கார்ந்து என்னிடம் அழுதால் அவன் விரல் மடங்குமா என்று நான் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். சொன்னால் அவர்கள் இரண்டு பேரும் பொய்யர்கள் ஆகிவிடுவார்கள், எனக்காகத்தானே சொன்னார்கள் என்றார். வீட்டிலும் அதே கதைதான். என் தம்பியைக் காட்டிக் கொடுத்துவிட்டு இந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவீர்கள் என்று மனைவி கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் இத்தனை வருஷம் கட்டிக் காத்த கூட்டம், இன்னொரு பக்கம் எட்டு மாதம் கூடவே நின்றும் உள்ளே விடப்படாத ஒருவன். எது பெரிது என்று மனசுக்குத் தெரிந்திருந்தும் வாய் வரவில்லை. முதலில் அவனைப் போய்ப் பார்க்கணும், தனியாகப் போகத் தைரியமில்லை, நீயும் வா என்றார். போனேன்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும். பிஸ்கட்டின் மனைவி அக்கம்பக்கத்துத் துணிகளை வாங்கி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் கட்டிலின் அடியில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள், மேலே இடமில்லை. அவன் கட்டிலில் சாய்ந்து, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலை போன ஆளின் முகமாக அது இல்லை.

முந்தின நாள் நெட்டையும் மச்சானும் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டுப் போனார்களாம். நெட்டை இதோ இந்தக் கட்டிலில் உட்கார்ந்து தோளில் கை போட்டுப் பேசினானாம். மச்சான் பெரியவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தானாம், அதுவும் தப்பாக. அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எட்டு மாதத்தில் அவர்கள் அவன் வீடு எந்தத் தெருவில் என்றுகூடக் கேட்டதில்லை.

லெவல் அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஏன் எண்ணச் சொன்னாய் என்று கேட்டார். அவனுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மனைவியைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான், பிறகு சொன்னான்.

"எனக்கு உங்க மூச்சும் பிடிபடல, தட்டும் பிடிபடலண்ணே. நான் கண்ணாடி வழியா அந்தப் பக்கம் நெட்டை அண்ணன் காலைப் பார்ப்பேன். கால் நடந்தா நடப்பேன், நின்னா நிப்பேன். அப்படித்தான் ஓட்டிட்டு இருந்தேன். முகக்கண்ணாடில அந்தப் பக்கம் தெரியாதே. என் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

லெவல் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏன்டா இதை முன்னாடியே சொல்லல என்று கேட்கிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. தப்பு என்னுடையது, நாளைக்கு முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடப் போகிறேன், நீ கையை விடவே இல்லை என்றார். அவன் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆனால் பிஸ்கட் பதறிவிட்டான்.

வேண்டாம் என்றான். தானே முதலாளிக்குப் போன் செய்து, கை வழுக்கிவிட்டது, விட்டுவிட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டதாகச் சொன்னான். நெட்டை அண்ணன் அப்படித்தான் சொல்லச் சொன்னார், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் பிரச்சினை பெரிதாகாது, கை சரியானதும் நாங்கள் முதலாளியிடம் பேசி உன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றான். லெவல் அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவன் இடது கையால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டு மாசத்துல ஒரு தடவைகூட நான் உங்ககூடச் சரியாச் சேர்ந்து தூக்கினதில்லண்ணே. இதுல ஒண்ணுலதான் பிந்தாமச் சேர்ந்திருக்கேன். கெடுத்துராதீங்க."

லெவல் அண்ணன் அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் லெவல் அண்ணன் நேராக முதலாளி அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். எண்ணாமல் விட்டது, அவன் கேட்டது, தான் கேலி செய்தது, தட்டியது, மூன்று பேர் நின்றது, ஒருவனுக்குத் தெரியாமல் போனது. ஒன்றையும் விடவில்லை. மனுஷன் கடைசியில் சொல்லிவிட்டார் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி மற்ற மூவரையும் வரச் சொன்னார். பிஸ்கட்டை மச்சான்தான் வண்டியில் போய் ஏற்றி வந்தான். மூன்று சீட்டில் நடுவில் அவனை உட்காரவைத்து, கட்டுப் போட்ட கை இடிபடாமல் இரண்டு பக்கமும் இடம் விட்டு நெட்டையும் மச்சானும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவனை இறக்கும்போது நெட்டை கதவைப் பிடித்துக்கொண்டான்.

லெவல் அண்ணன் சொன்னதை முதலாளி மறுபடி சொல்லி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். கையை விட்டுட்டான், அவ்வளவுதான், அண்ணனுக்கு மனசு கேக்கல, பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு என்றான் நெட்டை. ஆமா என்றான் மச்சான், லெவல் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல். முதலாளி பிஸ்கட்டைப் பார்த்தார். நான் என் இடத்திலிருந்து, சொல்லுடா, உண்மையைச் சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"நான்தான் முதலாளி விட்டேன். அண்ணன் என்னைக் காப்பாத்தச் சொல்றாரு."

பிசிறில்லாமல் சொன்னான். அதற்கு மேல் முதலாளிக்குக் கேட்க என்ன இருக்கிறது? மூன்று பேர் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், அதில் அடிபட்டவனே ஒருவன். லெவலுக்கு இளகின மனசு, அது நல்லதுதான், ஆனால் கடை நடத்த முடியாது என்றார். ஏற்கெனவே சொன்ன முடிவுதான், அதில் மாற்றமில்லை, நாளைக்கு வேறு ஆள் வருகிறான், லெவலே அவனையும் பழக்கிவிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

பிஸ்கட் நெட்டையைப் பார்த்தான். நெட்டை இமையை ஒரு தடவை மூடித் திறந்தான், இப்போது வேண்டாம், பிறகு பேசுகிறோம் என்பதுபோல. பிஸ்கட் உடனே தலையாட்டினான். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள், ஒன்றாக என் மேசையைத் தாண்டி நடந்தார்கள். போகும்போது பிஸ்கட், வர்றேன் அக்கா என்றான். சிரித்த முகம். வாசலில் மச்சான் ஏதோ சொல்ல, மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். யாரும் லெவல் அண்ணனைக் கூப்பிடவில்லை.

அவர் என் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். கை சரியானதும் அவர்கள் முதலாளியிடம் பேசிவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் அண்ணே என்றேன்.

"பேச மாட்டானுங்க தங்கச்சி" என்றார். "கண்ணைக் காட்டிட்டுப் போயிருவானுங்க. அவனும் எப்பக் கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே கெடப்பான். எனக்குத் தெரியாதா? நான்தானே பழக்கினேன் அவனுங்களை."